நோக்கம், ஒரே வாக்கியத்தில்

செகந்திராபாத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் அதிகம் வசிக்கும் குடியிருப்பு அது. இரண்டு கோடைகளுக்கு முன் அதன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'தண்ணீரைத் திருடும் சில சுயநலமிகளுக்குக் கடைசி எச்சரிக்கை' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மூன்று ஆச்சரியக்குறிகளுடன் முடிந்தது. மாலைக்குள் யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். கிழித்தவர் யார் என்பதில் இரண்டு குடும்பங்களுக்கிடையே பேச்சு நின்றுபோனது.

மறுநாள் காலை அதே இடத்தில் வேறொரு தாள். 'நிலைமை: தொட்டியின் கொள்ளளவு 20,000 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் நிரம்புகிறது. வீடுகள் 24. வீட்டுக்கு 800 லிட்டர் எடுத்தால் 800 லிட்டர் மிஞ்சும். காலை 6 மணிக்கு முன் மோட்டார் போடப்படும் நாட்களில் மேல்தளத்தின் 8 வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கடந்த 11 நாட்களில் 7 முறை இப்படி நடந்திருக்கிறது. யார் போடுகிறார்கள் என்பது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. செய்யவேண்டியது: 6 மணிக்குப் பிறகே மோட்டார் போடுவது. இன்றிலிருந்து.'

இதை யாரும் கிழிக்கவில்லை. ஒரு வாரத்தில் மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏறியது. பேச்சு நின்றுபோன குடும்பங்கள் பேச ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

எழுதியவர் 75 வயது கர்னல். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, 1971 போருக்குச் சில மாதங்கள் முன்பு அதிகாரியாகச் சேர்ந்தவர். அந்த ஒரு தாளுக்குப் பிறகு அவருக்குப் புதிய வேலை வந்துவிட்டது. வங்கிக்குப் புகார், வாடகைதாரருக்கு நோட்டீஸ், சம்பந்தி வீட்டுக்குப் பதில், பேரனின் பள்ளிக்கு விளக்கம் என்று கொதிப்பில் எழுதிய கடிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "கொஞ்சம் உங்க பாணியில மாத்திக் கொடுங்க சார்" என்பார்கள்.

அவருடைய பாணி என்று அவர்கள் நினைப்பது அவருடையதல்ல. தேசப் பிரிவினைக்குப் பிறகு, 1947ல் குவெட்டாவிலிருந்து நீலகிரியின் வெலிங்டனுக்கு வந்து சேர்ந்த ஸ்டாஃப் காலேஜ், தலைமுறை தலைமுறையாக அதிகாரிகளுக்குப் புகட்டிவரும் பழக்கம் அது. அங்கே ஓர் ஆண்டு படித்தவர் கர்னல். ராணுவத்தில் 'அப்ரிசியேஷன்' என்றால் பாராட்டு அல்ல. ஒரு நிலைமையைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவுக்கு வரும் ஆவணம். அதற்கு வரிசை உண்டு. முதலில் நோக்கம். பிறகு காரணிகள்: நிலம், வானிலை, எதிரியின் பலம், நம் பலம், கையிருக்கும் நேரம். பிறகு திறந்திருக்கும் வழிகள், ஒவ்வொன்றின் சாதக பாதகம். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த வழி. கடைசியில் திட்டம்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தக் காரணியையும் எழுதிவிட்டுச் சும்மா போக முடியாது. 'ஆற்றில் வெள்ளம்' என்று எழுதினால், 'அதனால் என்ன?' என்ற கேள்விக்கு அடுத்த வரியில் பதில் இருக்கவேண்டும். பதில் இல்லை என்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை. கர்னலிடம் வரும் கடிதங்களில் முக்கால்வாசி இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். "உங்கள் மேலாளர் திமிர் பிடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என்ன? அவர் திமிரைக் குறைப்பது உங்கள் நோக்கமா, பிடித்த பணம் திரும்பி வருவதா?" வந்தவர் சிரித்துவிடுவார். சிலருக்குக் கோபம் வரும். ஒருவர் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

வீட்டில் இதற்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். கர்னலின் மனைவி. கணவர் எல்லைப் பகுதிகளில் இருந்த காலத்தில் இதே ஊரில் தங்கி ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்தவர். தமிழ்க் கடிதங்கள் வந்தால் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

ராணுவ உளவுத் தகவலுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கர்னல் ஒருநாள் அவருக்கு விளக்கினார். தகவல் தந்தவரின் நம்பகத்தன்மைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து. தகவலின் நம்பகத்தன்மைக்கு 1 முதல் 6 வரை எண். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம். ஆசிரியை கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு எழுத்தும் நம்பரும்? வந்தான்னா பார்த்தேன். வந்தானாம்னா கேள்விப்பட்டேன். வந்திருப்பான்னா நெனைக்கிறேன். நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

அன்றிலிருந்து தமிழ்க் கடிதங்களில் கர்னல் வினைமுற்றுகளைத்தான் முதலில் பார்க்கிறார். 'பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை எங்கள் வாசலில் கொட்டினார்' என்று இருந்தால், "கொட்டினாரா, கொட்டினாராமா, கொட்டியிருப்பாரா?" என்று கேட்பார். பெரும்பாலும் மூன்றாவதுதான். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தளபதிகளின் பேச்சும் எழுத்தும் பற்றிய கதைகள் கர்னலிடம் நிறைய உண்டு. அவர் அடிக்கடி சொல்வது பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவைப் பற்றி. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படை நுழைய முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தியின் அமைச்சரவை கேட்டது. மழைக்காலம் நெருங்குகிறது, ஆறுகள் கடல்போல ஆகிவிடும். இமயக் கணவாய்களில் பனி விலகும் காலம், சீனா வந்தால் தடுக்கப் படை வேண்டும். படைகள் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன, அவற்றைக் கொண்டுசேர்க்க ரயில் வேண்டும், ரயிலோ அறுவடைத் தானியத்துக்கும் வேண்டும். இப்படி அடுக்கிவிட்டு அவகாசம் கேட்டதாக மானெக்‌ஷா பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அந்தச் சந்திப்பின் விவரங்களைச் சில வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் போர் டிசம்பர் 3ல்தான் துவங்கியது, 16ல் டாக்காவில் முடிந்தது. "முடியாது என்று அவர் சொல்லவில்லை. எப்போது முடியும், எது இருந்தால் முடியும் என்று சொன்னார். கோபத்துக்கும் கணக்குக்கும் அதுதான் வித்தியாசம்" என்கிறார் கர்னல்.

இரண்டாவது ஆள் பீல்டு மார்ஷல் வில்லியம் ஸ்லிம். பர்மாவில் 14வது ராணுவத்துக்குத் தலைமை வகித்தவர். பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் கொண்ட படை அது. இந்திய ராணுவத்தில் இருந்தபோது கூடுதல் வருமானத்துக்காகப் புனைபெயரில் பத்திரிகைக் கதைகளும் எழுதியவர் ஸ்லிம். போர் ஆணைகளின் நீண்ட பத்திகளை அவருடைய அதிகாரிகள் எழுதுவார்கள். நோக்கத்தைச் சொல்லும் பத்தியை மட்டும் அவரே எழுதுவார். இருப்பதிலேயே சின்னப் பத்தி அதுதான். 1944ல் கோஹிமாவுக்கு ஜப்பானியர்கள் ஒரு ரெஜிமென்ட்டை மட்டுமே அனுப்ப முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். வந்தது ஒரு முழு டிவிஷன். 1956ல் வெளிவந்த தன் நூலில் அந்தத் தவறைத் தன்னுடையது என்று ஒளிக்காமல் எழுதினார்.

மூன்றாவது ஜெனரல் ஐசன்ஹோவர். 1944 ஜூன் 5. மறுநாள் நார்மண்டி கரையில் படைகள் இறங்கவேண்டும். தோற்றுவிட்டால் வெளியிட ஒரு சிறு குறிப்பை அவர் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். பதற்றத்தில் தேதியைக்கூட ஜூலை 5 என்று தவறாகப் போட்டார். படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, படைகளை நான் விலக்கிக்கொண்டேன் என்று திருத்தினார். தவறு ஏதேனும் இருந்தால் அது தன் ஒருவனுடையது என்று முடித்தார். அந்தக் குறிப்புக்கு அவசியம் வரவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் இன்றும் அந்தத் தாளில் இருக்கிறது.

நம் அலுவலகத் தமிழுக்கு இந்தத் திருத்தம் மிகவும் தேவை என்பது ஆசிரியையின் கருத்து. 'முடிவெடுக்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது' என்றெல்லாம் எழுதும்போது எடுத்தவரும் நிராகரித்தவரும் தவறியவரும் காணாமல் போய்விடுகிறார்கள். வீட்டில் யாரும் 'காபி குடிக்கப்பட்டது' என்று சொல்வதில்லை. கையெழுத்துப் போடும் இடம் வந்தால்தான் இந்த 'பட்டது' எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

ராணுவ நடைக்கே இந்த நோய் உண்டு என்பதைக் கர்னல் ஒப்புக்கொள்கிறார். 1991 வளைகுடாப் போரின்போது தொலைக்காட்சியில் தினமும் விளக்கம் தந்த அதிகாரிகள், குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களைப் 'பக்கவாட்டுச் சேதம்' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பிட்டார்கள். நிதானமான குரல், சுட்டுக்கோல், வரைபடம். பிணம் மட்டும் கண்ணில் படவில்லை. "அளந்து பேசுவது வேறு, மறைத்துப் பேசுவது வேறு. இரண்டுக்கும் சீருடை ஒன்றுதான்" என்கிறார் அவர்.

தன் நடையின் எல்லை அவருக்கு ஒருமுறை நேராகவே தெரிந்தது. கீழ்த்தளத்தில் வசிக்கும் ஒரு பெண்மணி தன் தோழிக்கு இரங்கல் கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். தோழியின் மகன் சாலை விபத்தில் இறந்திருந்தான். கடிதத்தில் விதி, கடவுள், காலம் எல்லாம் இருந்தன. கர்னல் அதைத் திருத்தவில்லை. தாளைத் திருப்பித் தந்துவிட்டு, 1987ல் தான் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார்.

அப்போது அவர் மேஜர். இந்திய அமைதிப்படையுடன் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவருடைய பிரிவில் ஓர் இளம் சிப்பாய் இறந்துபோனான். பெற்றோருக்கு எழுதவேண்டியது இவர். முதல் தாளில் தியாகம், வீரம், தேசம் என்று எழுதினார். கிழித்தார். இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நான்காவது தாளில் வேறு எதுவும் எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதினார். எத்தனை மணிக்கு நடந்தது. அந்த நேரம் பக்கத்தில் யார் இருந்தார்கள். அவனை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று காலை அவன் என்ன சாப்பிட்டான். இரண்டு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது. அவர் நன்றி சொல்லியிருந்தது ஒரே ஒரு வரிக்கு. மகன் காலையில் சாப்பிட்டான் என்பதற்கு.

அந்தப் பெண்மணி தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். தோழியின் மகன் சிறுவயதில் தங்கள் வீட்டு மாடியில் பட்டம் விட்டதைப் பற்றி மூன்று வரி எழுதி அனுப்பியதாகப் பிறகு சொன்னார்.

இலங்கையைப் பற்றிக் கர்னல் அதிகம் பேசுவதில்லை. 1987 ஜூலை 29ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுநாளே படைகள் இறங்கின. போனது அமைதி காக்க. பிறகு ஆயுதங்களைக் களைய. அக்டோபரிலிருந்து விடுதலைப் புலிகளுடன் போர். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பும்போது ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். உயிரிழந்த தமிழ் மக்களின் கணக்கு வேறு. அப்போதைய தலைமைத் தளபதி செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி. ராணுவத்தின் பெரிய சிந்தனையாளர் என்று பெயரெடுத்தவர், 1986ல் பொறுப்பேற்றதும் ராணுவத்தின் குறைகளை ஒளிக்காமல் எல்லா அதிகாரிகளுக்கும் நீண்ட கடிதம் எழுதியவர். தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. "எல்லாத் தாளும் ஒழுங்காகத்தான் இருந்தது. மேலே எழுதியிருந்த நோக்கம்தான் மூன்று முறை மாறியது" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

போன ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய மனைவி இரவில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. புனேயில் இருக்கும் மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, "அப்பா, இனிமே இது சரிப்படாது. ஒரு முடிவு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கர்னல் மூன்று நாள் மேஜையில் உட்கார்ந்தார். நான்கு பக்க அப்ரிசியேஷன் தயாரானது. நோக்கம்: மனைவியின் பாதுகாப்பை உறுதிசெய்வது. காரணிகள்: படுக்கையறை மாடியில், படிகள் 17. இரவில் உதவிக்கு ஆள் இல்லை. கணவருக்கு வலது காது கேட்பதில்லை, கூப்பிட்டால் எழுந்திருப்பது சந்தேகம். மருத்துவமனை 20 நிமிடத் தொலைவு. மகள் வீட்டில் லிப்ட் உண்டு, பகலிலும் இரவிலும் ஆள் உண்டு. திறந்திருக்கும் வழிகள் மூன்று. தேர்ந்தெடுத்த வழி: மனைவி மாத முடிவுக்குள் புனே செல்வது, வீடு விற்கப்பட்டுக் கணக்குகள் முடிக்கப்படும் வரை கணவர் இங்கேயே இருப்பது. உத்தேசக் காலம்: 6 முதல் 9 மாதம். ஒவ்வொரு வரிக்கும் 'அதனால் என்ன' இருந்தது.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார். பிறகு இடது கையால் சிவப்பு பென்சிலை எடுத்தார்.

"மருமகன் வீட்ல போய் உக்காந்திருக்க உங்களுக்குக் கூச்சம். அது இதுல எங்க இருக்கு?"

கர்னல் பதில் சொல்லவில்லை.

"கல்யாணமாகி 46 வருஷம். அதுல 11 வருஷம் நீங்க ஒரு ஊர், நான் ஒரு ஊர். யாழ்ப்பாணத்திலேருந்து நீங்க எழுதுன கடுதாசி இன்னும் அலமாரியில இருக்கு. நலம், சாப்பாடு போதும், மழை. அவ்வளவுதான் எழுதுவீங்க. அதை வச்சுக்கிட்டு அடுத்த கடுதாசி வரைக்கும் நான் ஓட்டணும். இந்த 11 வருஷம் உங்க லிஸ்ட்ல ஒரு காரணியா வரலையே."

அவர் பென்சிலால் மற்றப் பக்கங்களைத் தொடவேயில்லை. முதல் பக்கத்தின் மேலே போனார். "கணக்கெல்லாம் சரி. நோக்கம்தான் தப்பு" என்றார். 'மனைவியின் பாதுகாப்பை உறுதிசெய்வது' என்பதை அடித்துவிட்டு, நடுங்கும் இடது கை எழுத்தில் எழுதினார்: 'இருவரும் ஒரே வீட்டில் இருப்பது. விழாமல்.'

கர்னல் அன்று வெகுநேரம் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். நோக்கம் மாறினால் என்ன ஆகும் என்று அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் இந்த முறை மாற்றியவர் விளைவை அனுபவிக்கப்போகிறவர். நோக்கத்தைப் பார்க்க அவருக்கே உரிமை அதிகம் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மீண்டும் உட்கார்ந்தார். அதே காரணிகள், புதிதாக இரண்டு. ஒன்று, 11 ஆண்டு. இன்னொன்று, கணவரின் கூச்சம். அதை எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் என்ன என்ற வரியும் எழுதினார்: மகள் வீட்டுக்குள் அல்ல, மகள் வீட்டுக்குப் பக்கத்தில். புனேயில் அதே தெருவில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. குளியலறையில் கைப்பிடிகள். இரவுக்கு ஒரு பணிப்பெண். செகந்திராபாத் வீட்டைப் பூட்டி வைப்பது, விற்பதைப் பற்றி ஓராண்டு கழித்து யோசிப்பது. ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

மகளுக்கு அனுப்பவேண்டிய கடிதத்தைக் கடைசியில் எழுதினார். 'நாங்கள் இருவரும் அங்கு வருவதென முடிவெடுக்கப்பட்டுள்ளது' என்று முதல் வரி. மனைவியிடம் காட்டினார். அவர் ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். கர்னல் பார்த்தார். அடித்துவிட்டு, பக்கத்தில் 'முடிவெடுத்தோம்' என்று எழுதினார்.

இப்போது அவர்கள் புனேயில் இருக்கிறார்கள். செகந்திராபாத் குடியிருப்பின் தண்ணீர் அறிவிப்பை வேறொருவர் எழுதுகிறார். நிலைமை, செய்யவேண்டியது என்ற தலைப்புகள் அப்படியே இருக்கின்றன. கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் திரும்பி வந்திருக்கிறதாம். கர்னலுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏறுகிறதா?"